தீபாவளிக்குப் பின் விழும் ஆடுகள்

பட்டாசு ஆலைகள் மூடும் மாதமும் கால்நடைகளுக்கு நோய் இறங்கும் மாதமும் ஒன்றாகவே வருகின்றன. விருதுநகர் மாவட்டத்தில் கூலியும் ஆடும் சேர்ந்தே போகும் அந்தச் சில வாரங்களைப் பற்றி ஒரு பார்வை.

வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். மழை விட்டு இரண்டு நாளாகியும் கரிசல் செருப்பை விட மறுக்கிறது. தீபாவளி முடிந்து ஆலை மூடிவிட்டதால் ஆள் ஏற்றும் வேன் வரவில்லை. அவசரமில்லாத காலைதான். ஆட்டுக் கொட்டகைப் படலைத் திறந்த பெண் அப்படியே நின்றுவிடுகிறார். உள்ளதிலேயே கொழுத்த கிடாக்குட்டி பக்கவாட்டில் கிடக்கிறது. கழுத்து பின்னால் வளைந்திருக்கிறது, கால்கள் காற்றில் உதைக்கின்றன, வாயில் நுரை.

“நேத்து சாயங்காலம் வயிறு முட்ட மேஞ்சுட்டு வந்துச்சேக்கா!”

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “கண்ணு பட்டுருச்சு தாயி” என்கிறார். வெயில் ஏறுவதற்குள் குட்டி அடங்கிவிடுகிறது. அடுத்த அரை மணி நேரத்தில், அறுத்துப் பங்கு போட்டுவிடலாமா என்று ஒருவர் விசாரிக்கிறார்.

ஐப்பசி பிறந்து மழை இறங்கினால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத் தெருக்களில் எங்காவது நடக்கக்கூடிய காட்சி இது. கண்ணும் படவில்லை, செய்வினையும் இல்லை. நோயின் பெயர் துள்ளுமாரி. தடுப்பூசி இருக்கிற நோய். பிறகு ஏன் குட்டிகள் சாகின்றன?

ஆலைக்கும் ஆட்டுக்கும் என்ன கணக்கு?

மழை குறைந்த கரிசல் பூமி இது. மானாவாரி விவசாயம் கைவிட்ட ஊர்களுக்கு 1920-களில் தீப்பெட்டியும் அதன் பின்னால் பட்டாசும் சோறு போட வந்தன. நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதி இன்றும் இங்கிருந்துதான் போகிறது. ஆனால், ஆலைக் கூலி பன்னிரண்டு மாதமும் ஒரே சீராக வருவதில்லை. மருந்து காய வெயில் வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் உற்பத்தி நிற்கும். தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடக்கும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை விதித்தபோது, ஆலைகள் மாதக்கணக்கில் திறக்கவில்லை.

அந்த இடைவெளியை நிரப்புவது வீட்டு வாசலில் கட்டிக் கிடக்கும் நாலைந்து வெள்ளாடுகள். கன்னி ஆடு, வேம்பூர்ச் செம்மறி என்று இந்த மண்ணுக்கே பழகிய இனங்கள் இங்கே உண்டு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் வெள்ளாடுகள் சுமார் 99 லட்சம், செம்மறிகள் 45 லட்சம். அவற்றில் பெரும்பகுதி நிலமில்லாதவர்களும் சிறு விவசாயிகளும் வளர்ப்பவை. பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, கைமாற்றுக் கடன் எல்லாவற்றுக்கும் எட்டயபுரம் சந்தைக்கு ஒரு கிடாவைப் பிடித்துக்கொண்டு போனால் தீர்ந்தது. அந்த ஆடு சந்தைக்கு முன்பே செத்துப்போனால், ஆலை திறந்ததும் முன்பணம் வாங்கி, வருடம் முழுக்க அதைக் கழிக்க வேண்டியதுதான்.

நல்ல தீனியே நஞ்சாகும் நாட்கள்

துள்ளுமாரியை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா வெளியிலிருந்து படையெடுத்து வருவதல்ல. ஆட்டின் குடலிலேயே சிறு எண்ணிக்கையில் சாதுவாக இருப்பது. கோடை முழுக்கக் காய்ந்த சருகு கடித்த ஆடு, மழைக்குப் பிறகு இளம்புல்லைக் கண்டதும் அள்ளி மேய்கிறது. அறுப்பு முடிந்த காட்டில் சிந்திய தானியத்தையும் தின்கிறது. மாவுச்சத்து திடீரெனக் குடலில் குவிய, பாக்டீரியா கட்டுக்கடங்காமல் பெருகி எப்சிலான் என்ற நச்சைச் சுரக்கிறது. நச்சு ரத்தத்தில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். நிறையத் தின்கிற கொழுத்த குட்டிதான் முதலில் போகிறது என்பதால்தான் ‘கண் பட்டது’ என்ற பேச்சும் வருகிறது.

நோய் கண்டபின் வைத்தியம் பார்க்க நேரமே இருக்காது. வரும் முன் ஊசி போடுவது ஒன்றே வழி. 1932-ல் தொடங்கப்பட்ட ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இதற்கான தடுப்பூசியைத் தயாரிக்கிறது. முதல்முறை போடும் குட்டிக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தவணை அவசியம். மழைக்கு முன் எதிர்ப்புச் சக்தி உருவாக வேண்டுமென்றால் முதல் ஊசி ஆவணியில், அடுத்தது புரட்டாசி முதல் பாதியில் விழுந்திருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். ஆவணியும் புரட்டாசியும் பட்டாசு ஆலைகளுக்கு உச்சப் பருவம். தீபாவளிச் சரக்கு அனுப்ப வேண்டும். ஆடு வளர்க்கும் பெண்கள் விடியற்காலை வேனில் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். கால்நடை முகாம் நடப்பதோ பகலில். ஆட்டைப் பிடித்து வந்து வரிசையில் நிற்க, வீட்டில் வயதானவர்கள்தான் இருப்பார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, நல்லாயிருக்கிற ஆட்டுக்கு ஊசி போட யார் வருவார்? முகாமுக்கு வராத ஆடுகள் ஐப்பசியில் கணக்கைத் தீர்க்கின்றன.

---

பெட்டிச் செய்தி: எந்த மாதம் எதற்கு?

● ஆடி, ஆவணி: மழைக்கு முந்தைய குடற்புழு நீக்கம். ஆடுகளுக்குத் துள்ளுமாரி முதல் தவணை. மாடுகளுக்குத் தொண்டை அடைப்பான், சப்பை நோய்த் தடுப்பூசி.

● புரட்டாசி: குட்டிகளுக்குத் துள்ளுமாரி இரண்டாம் தவணை.

● ஐப்பசி, கார்த்திகை: காலைப் பனி காயும் முன் மேய்ச்சலுக்கு விட வேண்டாம். இளம்புல் காட்டுக்குள் விடுவதற்கு முன் கொஞ்சம் காய்ந்த தீவனம் போடவும். கீழ் இமையின் உள் நிறத்தைத் தவறாமல் பார்க்கவும் (‘கண்ணைப் பார், மருந்தை எடு’ பெட்டியைக் காண்க).

● தை முதல் பங்குனி வரை: தண்ணீர் வற்றும் கண்மாய் விளிம்பில் மேய்ப்பதைத் தவிர்க்கவும்.

● எப்போதும்: சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டிப் பார்த்த பிறகே மந்தையில் சேர்க்கவும்.

---

ரத்தம் குடிக்கும் நூல்

துள்ளுமாரி ஒரே இரவில் கொல்லும். ஆட்டின் நான்காம் இரைப்பையில் குடியிருக்கும் ஹீமாங்கஸ் என்ற உருண்டைப் புழு மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். நூல் போல மெலிந்த இந்தப் புழு ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தம் உறிஞ்சும். சொட்டுக்கும் குறைவுதான். ஆனால், ஒரே ஆட்டில் ஐயாயிரம் புழு இருப்பது அபூர்வமல்ல. அப்போது தினமும் கால் லிட்டர் ரத்தம் போகிறது. பெண் புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அவை சாணத்தோடு வெளியே வந்து, வெப்பமும் ஈரமும் கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் நோய் பரப்பும் இளம்புழுவாகிவிடும். புல்லில் படிந்த பனி ஈரத்தில் நீந்தி மேலே ஏறி, அடுத்த ஆட்டின் வாய்க்காகக் காத்திருக்கும். பனி காயுமுன் மேய்க்காதே என்று கிடை போடுகிற பெரியவர்கள் சொல்வது இதனால்தான். உள்ளே போன புழு வளர்ந்து முட்டையிட மூன்று வாரம் பிடிக்கும். ஐப்பசி மழையில் தொற்றியது கார்த்திகை, மார்கழியில் தாடைக்கடியில் நீர் கோத்த வீக்கமாகத் தெரிகிறது.

பூச்சி மருந்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் அளவில்தான். எடை பார்க்காமல், எல்லா ஆட்டுக்கும் ஒரே மூடி அளவு ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. அரைகுறை அளவில் பலவீனமான புழு சாகும், வலுத்தது பிழைத்து வம்சம் பெருக்கும். வெள்ளாட்டின் உடல் பல புழு மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். செம்மறிக்கான அளவை அப்படியே வெள்ளாட்டுக்குக் கொடுத்தால் அதுவும் அரைகுறைதான். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் வகை மருந்துக்கு மசியாத புழுக்கள் தமிழகத்திலேயே பதிவாகியிருக்கின்றன. ஐவர்மெக்டின் கண்டுபிடிப்புக்காக வில்லியம் கேம்பெல்லுக்கும் சதோஷி ஓமுராவுக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மருந்துக்கும் பல நாடுகளில் ஆட்டுப் புழுக்கள் பழகிவிட்டன. மருந்து கேட்காத புழு மந்தையில் நிலைத்துவிட்டால், அடுத்த புது மருந்து வரும்வரை விவசாயிக்குப் போக்கிடம் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. மருந்து ஊற்றும்போது ஆட்டின் தலையை அண்ணாந்து பிடித்தால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். புழுவுக்கு ஊற்றிய மருந்தாலேயே ஆடு மூச்சுத்திணறிச் சாகும்.

---

பெட்டிச் செய்தி: கண்ணைப் பார், மருந்தை எடு

தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர் ஃபாஃபா மலான் உருவாக்கிய ‘ஃபமாச்சா’ முறைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஆட்டின் கீழ் இமையை இறக்கி உள்சதையின் நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். நல்ல சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம். வெளிறியிருந்தால் உடனே வேண்டும். தேவைப்படும் ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுப்பதால் செலவும் குறையும், மருந்துக்குப் பழகிய புழுக்கள் பெருகுவதும் தள்ளிப்போகும்.

---

பாலுக்குப் பின்னால் ஒரு பொருளாதாரம்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஊருக்குப் பெருமை. அந்தப் பெருமை சுற்றுவட்டாரத்து மாடுகளின் மடியில் தொங்குகிறது. மடிநோய் வந்த மாட்டின் பால் காய்ச்சும்போதே திரிந்துபோகும். வெளியே தெரியாமல் இருக்கும் மடிநோய் அதைவிட மோசம். மடி வீங்காது, பால் நிறம் மாறாது, கறவை மட்டும் மெல்லக் குறையும். தீவனக்காரனையும் வெயிலையும் குறை சொல்லிக்கொண்டு விவசாயி மாதங்களைக் கடத்துவார்.

கறந்து முடித்ததும் காம்பின் துளை மூட அரை மணி நேரம்வரை ஆகும். அதற்குள் மாடு ஈரத் தரையில் படுத்தால் கிருமி உள்ளே ஏறிவிடும். கறந்ததும் முன்னால் ஒரு பிடி தீவனம் போட்டால் மாடு நின்றபடி தின்னும். செலவில்லாத தடுப்பு. இதைச் செய்யாமல் நோய் வந்தபின் ஆன்டிபயாடிக் ஊசிக்கு ஓடினால், மருந்து கலந்த பாலைச் சில நாட்கள் ஊற்றக் கூடாது. பால் பணத்தை நம்பி நடக்கிற குடும்பத்துக்கு அந்த நாட்கள் கடினம். கேனில் ஊற்றிவிட்டாலோ, மருந்தின் மிச்சம் காய்ச்சினாலும் முழுதாக அழியாமல் நம் வயிற்றுக்கு வருகிறது. கோலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்கை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்க மத்திய அரசு 2019-ல் தடை விதித்ததற்குக் காரணமும் இந்த பயம்தான்: மாட்டுக்குக் கொடுத்தே பழக்கிய கிருமி, ஆஸ்பத்திரியில் மனிதனுக்குக் கொடுக்கும் மருந்தையும் மதிக்காமல் போய்விடும்.

கலப்பினப் பசுக்களுக்கு உண்ணி வேறு தொல்லை. தைலேரியா, பபீசியா என்ற ஒட்டுண்ணிகளை உண்ணி ரத்தத்தில் இறக்குகிறது. கடும் காய்ச்சல், வீங்கிய நிணநீர்க் கட்டிகள், பபீசியாவில் காப்பி நிறத்தில் சிறுநீர். நாட்டு மாடு தாக்குப்பிடிக்கும், ஜெர்சி கலப்பு சாய்ந்துவிடும். மாட்டின் மேல் மருந்து தெளித்து உண்ணி உதிர்ந்ததும் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். தொழுவச் சுவரின் வெடிப்புகளில் உண்ணியின் முட்டைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வெடிப்பைப் பூசி, சுண்ணாம்பு அடிக்காமல் தொல்லை தீராது. சுவரைத் தீயால் கருக்குவது சில ஊர்களில் வழக்கம். பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டும் வீடுகள் நிறைந்த தெருக்களில் அந்த யோசனையே வேண்டாம்.

வெள்ளை நாயும் கோயில் யானையும்

2005-ல் அஞ்சல்தலையில் இடம்பிடித்த இனம் ராஜபாளையம் நாய். அதன் வெள்ளைத் தோலில் உண்ணி பளிச்செனத் தெரியும், ஆனால் உண்ணி விட்டுச் செல்லும் எர்லிக்கியா கிருமி தெரியாது. காய்ச்சல், தீனி மறுப்பு, மூக்கில் ரத்தம் என்று வெளிப்படும்போது நோய் முற்றியிருக்கும். டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நாலு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். நாய் எழுந்து ஓடத் தொடங்கியதும் பாதியில் நிறுத்துவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

நாய்க்கும் ஆட்டுக்கும் இடையே இன்னொரு கொடுக்கல் வாங்கல் உண்டு. அறுத்த ஆட்டின் தலையையும் ஈரலையும் பச்சையாக நாய்க்குப் போடுகிறோம். அதிலிருக்கும் நீர்க்கட்டிகள் நாயின் குடலில் நாடாப் புழுவாகின்றன. நாயின் மலம் வழியே முட்டைகள் மேய்ச்சல் நிலத்துக்கு வந்து மறுபடி ஆட்டுக்குள் போகின்றன. ஒரு வகைப் புழு ஆட்டின் மூளையில் கட்டியாகி, அதை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றியே சாக வைக்கும். இன்னொரு வகை மனிதனின் ஈரலில் கட்டியாகும். நாய்க்கு முறையாகப் புழு மருந்து கொடுப்பதும், பச்சைக் கழிவைப் போடாமலிருப்பதும் மேய்ச்சல்காரர் குடும்பத்தையே காக்கிற காரியம்.

வளர்ப்பு யானைகளிடம் நோயின் திசை தலைகீழ். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் யானை ஜெயமால்யதா போன்ற கோயில் யானைகளைச் சுற்றி எப்போதும் மனிதர்கள். மனிதர்களைத் தாக்கும் அதே காசநோய்க் கிருமி யானையையும் தாக்கும். 1990-களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பண்ணை ஒன்றில் யானைகள் காசநோயால் இறந்தபோது பராமரிப்பாளர்கள் 22 பேரைப் பரிசோதித்தார்கள். 11 பேருக்குத் தொற்று, ஒருவருக்கு முற்றிய நோய். பாகனுக்கு ஆண்டுதோறும் சளிப் பரிசோதனை செய்வதை யானையின் மருத்துவச் செலவாகவே கோயில்கள் எழுத வேண்டும்.

---

பெட்டிச் செய்தி: செத்த மாட்டை அறுக்காதே

திடீரென இறந்த மாடு, ஆட்டின் மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் கசிந்தால் அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். தோலை உரிக்கக் கூடாது, கறி போடக் கூடாது, உடலைக் கிழிக்கவே கூடாது. காற்றுப் பட்டதும் கிருமி விதை வடிவம் எடுத்து மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும். கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லி, ஆறடிக்குக் குறையாத குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்க: 1962.

---

வீட்டுக்குள் வரும் காய்ச்சல்

ஆடு குட்டி ஈனும்போது கைவைத்து எடுப்பது பெரும்பாலும் பெண்கள். வெறுங்கைதான். கன்று வீச்சு நோய் எனப்படும் புரூசெல்லா இருந்தால், நஞ்சுக்கொடியிலும் நீரிலும் கிருமி நிறைந்திருக்கும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இடுப்பு வலி, மூட்டு வலி. ஆலையில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இடுப்பு வலி வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? வலி மாத்திரையோடு மாதங்கள் ஓடும். ஆடு வளர்ப்பதை மருத்துவரிடம் சொன்னால்தான் சரியான பரிசோதனைக்கு வழி பிறக்கும்.

2019 செப்டம்பரில் மத்திய அரசு 13,343 கோடி ரூபாயில் கோமாரி, புரூசெல்லா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் அதன் புரூசெல்லா ஊசி 4 முதல் 8 மாதப் பெண் கன்றுகளுக்கும் எருமைக் கன்றுகளுக்கும் மட்டுமே. மனிதனை இன்னும் கடுமையாகத் தாக்கும் புரூசெல்லா வகை ஆட்டில்தான் அதிகம். ரெவ்-1 என்ற ஆட்டுத் தடுப்பூசியைப் பல நாடுகள் பயன்படுத்துகின்றன. மாட்டைவிட ஆட்டை நம்பிப் பிழைக்கும் இதுபோன்ற வட்டாரங்களில் கையுறையும் கொதிக்கவைத்த பாலுமே இப்போதைக்குப் பாதுகாப்பு.

நாட்காட்டியை மாற்றுங்கள்

மருந்து ராணிப்பேட்டையில் தயாராகிறது. டாக்டரை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். ராஜபாளையத்திலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. இவையெல்லாம் ஆலை வேனில் ஏறிப்போகும் பெண்ணின் நேரத்தோடு பொருந்தவில்லை என்பதுதான் குறை.

சனிக்கிழமை கூலி வாங்கும் இந்த ஊர்களுக்கு ஞாயிறு விடுமுறை. ஆவணி, புரட்டாசி ஞாயிறுகளில் முகாம் வைத்தால் ஆடும் வரும், ஆட்டுக்காரியும் வருவார். ஜார்க்கண்டில் சுய உதவிக் குழுப் பெண்களே ‘பசு சகி’ என்ற பெயரில் பயிற்சி பெற்று, வீடு வீடாகப் போய் ஆடுகளுக்குப் புழு மருந்தும் தடுப்பூசியும் கொடுக்கிறார்கள். இங்கே தெருவுக்குத் தெரு குழுக்கள் உண்டு. இரண்டு பெண்களுக்கு இமை நிறம் பார்க்கவும் எடைக்கேற்ப மருந்து அளக்கவும் சொல்லிக்கொடுத்தால் போதும். ஆலை முதலாளிகள் போனஸ் பேசுகிற அதே வாரத்தில், ஆலை வாசலில் தடுப்பூசி நாளை அறிவித்து அரை நாள் சம்பளத்தோடு விடுப்பும் தரலாம். காப்பீட்டையும் அப்போதே முடித்துவிடலாம். தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் பிரீமியத்தில் விவசாயி பங்கு 15 சதவீதம் மட்டுமே என்று 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை குறைத்திருக்கிறது. காதில் வில்லை இல்லாத ஆட்டுக்கு இழப்பீடு கிடைக்காது. ஊசி போடும் நாளிலேயே வில்லையும் குத்திவிட்டால் ஒரே வேலை.

ஒரு கிடாவை இழந்த குடும்பம் அடுத்த தீபாவளிவரை ஆலை முன்பணத்தைக் கழித்துக்கொண்டிருக்கும். துள்ளுமாரி ஊசிக்கு ஆகும் செலவு அந்தக் கிடாவின் விலையில் மிகச் சிறிய பங்கு. வரும் ஆவணிக்குள் முகாம் தேதிகள் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறினால் போதும். அதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், புது நிதியும் வேண்டாம். ஆலை நிர்வாகங்களும் கால்நடைத் துறையும் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து தேதி குறித்தால் முடிகிற காரியம்.